அடுக்கி வாசித்தால் பொய்யாகுமா?

நம் மன்றத்தின் ஆண்டு விழா இசைப் போட்டிக்குரிய விதிகள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன. அவற்றுள் ஏழாவது விதி: "அடுக்குப் பதிவுகள் ஏற்கப்படமாட்டா." மூன்றே சொற்கள். காரணம் ஒன்றும் கூறப்படவில்லை. நேரில் சென்று கேட்டபோது, "ஒருவரே இருவராகவும் மூவராகவும் வாசித்துக் காட்டுவது ஏமாற்று அன்றோ?" என்று விழாக் குழுவினர் என்னையே திருப்பிக் கேட்டனர். நல்ல வினாதான். ஆனால் வினாவை எழுப்பியவர்கள் விடைக்குக் காத்திராமல் விதியை ஒட்டிவிட்டார்களே, அதுதான் வருத்தம். அவர்கள் காத்திராத விடையை இங்கே எழுத முற்படுகிறேன்.

அடுக்குப் பதிவு என்பது யாது? டிஜிட்டல் பியானோ வாசிப்போர் 'அடுக்கு' என்னும் சொல்லை இரு பொருளில் வழங்குவர். ஒரு கட்டையை அழுத்தினால் பியானோ ஒலியும் வயலின் கூட்டத்தின் ஒலியும் ஒருங்கே எழுமாறு பொத்தானைத் திருப்பி வைத்துக்கொள்வது ஒன்று. அது கருவியின் கெட்டிக்காரத்தனம். வாசிப்பவனுக்கு அதில் பங்கில்லை. நான் பேச வந்தது மற்றொன்றைப் பற்றி. முதலில் ஒரு பகுதியை வாசித்துப் பதிந்துகொள்கிறோம். பிறகு அப்பதிவை ஒலிக்கவிட்டு, அதைக் காதால் கேட்டவாறே அடுத்த பகுதியைக் கையால் வாசித்து அதன்மேல் பதிகிறோம். இரண்டு கைகள் நான்கு கைகளாகின்றன, வேண்டுமாயின் ஆறாகின்றன. ஒவ்வோர் அடுக்கும் முதலிலிருந்து முடிவு வரை கையால் வாசிக்கப்பட்டதே. இதைத்தான் ஏழாவது விதி தள்ளுகிறது.

இது நேற்று முளைத்த வித்தை அன்று. 1941-ஆம் ஆண்டிலேயே சிட்னி பெஷே என்னும் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஒரே பாட்டுக்குக் கிளாரினெட், இருவகை சாக்ஸஃபோன், பியானோ, பாஸ், டிரம் ஆகிய ஆறு கருவிகளையும் தாம் ஒருவரே வாசித்து, தட்டின்மேல் தட்டாகப் பதிந்தார். 1948-இல் லெஸ் பால் கிதாரின் எட்டுப் பகுதிகளை அவ்வாறே அடுக்கினார். அக்காலத்து அடுக்குதல் நம்முடையதைப்போல் மெத்தையில் படுத்துக்கொண்டு செய்வதன்று. ஒரு தட்டு சுழல, அதனோடு சேர்ந்து வாசிக்க, இரண்டும் கலந்து மற்றொரு தட்டில் பதியும். ஏழாவது அடுக்கில் ஒரு விரல் தவறினால், அத்தட்டை எறிந்துவிட்டு வேறு தட்டெடுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் முந்தைய அடுக்குகளின் தெளிவு சிறிது தேயும். ஆகையால் எதை முதலில் பதிவது, எதைக் கடைசியில் பதிவது என்பதையே ஒரு கலையாகக் கற்கவேண்டியிருந்தது.

பியானோவிற்கு வருவோம். லென்னி டிரிஸ்டானோ 1955-இல் பதிந்த சில வாசிப்புகளில் தம் பியானோவின்மேல் தம் பியானோவையே அடுக்கினார்; சிலவற்றில் நாடாவின் வேகத்தையும் மாற்றினார். நம் விழாக் குழுவினர் இன்று கேட்கும் அதே வினாவை அன்றைய விமரிசகர்கள் கேட்டனர். கண்டனம் கடுமையாகவே எழுந்தது. எட்டு ஆண்டுகள் சென்றன. 1963-இல் பில் எவன்ஸ் மூன்று பியானோக்களையும் தாமே வாசித்து அடுக்கி, 'கான்வர்சேஷன்ஸ் வித் மைசெல்ஃப்' என்னும் தட்டை வெளியிட்டார். 'என்னோடு நானே உரையாடுகிறேன்' என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார் பாருங்கள், மறைக்கவில்லை. அத்தட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. எட்டே ஆண்டுகளில் உலகின் நேர்மை மாறிவிட்டதா என்ன? மாறவில்லை, கேட்பவர்களின் காது பழகியது, அவ்வளவே.

"அதெல்லாம் அயல்நாட்டுக் கதை" என்பீர்களேல், நம் வீட்டுக்கே வருவோம். முன்னாளில் நம் திரைப்பாடல்களைப் பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒரே கூடத்தில் ஒரே வேளையில் கூடிப் பதிந்தனர். ஒருவர் பிசகினால் அத்தனை பேரும் மீண்டும் பல்லவியிலிருந்து தொடங்கவேண்டும். இன்று அப்படியா? 1992-இல் 'ரோஜா' வந்த காலம் தொட்டு, பாட்டைத் துண்டு துண்டாகவும் அடுக்கடுக்காகவும் கட்டும் முறையே தமிழ்த் திரையிசையின் இயல்பான முறையாகிவிட்டது. தாளம் ஒரு நாள், வயலின் ஒரு நாள், குரல் வேறொரு நாள், வேறோர் ஊரில். மெஸ்ஸில் தட்டேந்தி நிற்கும்போது நம் குழுவினர் முணுமுணுக்கும் பாட்டுக்கள் அனைத்தும் அடுக்குப் பதிவுகளே. வாயில் இனிப்பது விதியில் கசப்பானேன்?

நிற்க. பிறர் செய்தனர் என்பதால் ஒன்று சரியாகிவிடாது. நான் செய்து கண்டதைக் கூறுகிறேன்.

தில்லிக்கு வந்து பௌதிகம் படிக்கும் எனக்கு, விடுதியில் இருக்கும் ஒரு டிஜிட்டல் பியானோதான் இசைத்துணை. உடன் வாசிக்க மற்றொருவர் இல்லை. சூபர்ட் 1828-ஆம் ஆண்டில், தம் வாழ்நாளின் இறுதி ஆண்டில், ஒரே பியானோவில் இருவர் அமர்ந்து நான்கு கைகளால் வாசிப்பதற்கென இயற்றிய எஃப் மைனர் ஃபாண்டசியா என்னும் உருப்படி ஒன்று உண்டு. ஏறத்தாழ இருபது நிமிடம். வலப்பக்கம் அமர்பவர் வாசிப்பது 'பிரிமோ'. இடப்பக்கம் அமர்பவர் வாசிப்பது 'செகண்டோ'. ஒருவன் தனியே இதை வாசிக்க இயலாது. வாசிக்காமல் விடுவது, அடுக்குவது என்னும் இரண்டே வழிகள் என்முன் நின்றன. நான் அடுக்கினேன்.

முதலில் செகண்டோவைப் பதிந்தேன். தொடக்கத்தில் அது மெல்ல அலையும் துணையொலிதான். பாட்டு பிரிமோவின் கையில் இருக்கிறது. அந்தப் பாட்டு இன்னும் பிறக்கவில்லை! பிறக்காத பாட்டுக்குத் துணை வாசிப்பது எப்படி? அது எங்கே மூச்சு வாங்கும், எங்கே சற்றுத் தயங்கும், எங்கே முந்தும் என்பதையெல்லாம் மனத்திற்குள் பாடிக்கொண்டே வாசிக்கவேண்டும். மெட்ரோனோமை ஓடவிட்டு அதன்படி வாசிக்கலாமே எனின், சூபர்ட்டை மெட்ரோனோமுக்கு வாசிப்பது குறளை வாய்ப்பாடு போல் ஒப்பிப்பதற்கு ஒப்பாகும். மெட்ரோனோமை அணைத்துவிட்டேன்.

பிறகு பெடல் வந்து குறுக்கே நின்றது. நான்கு கை வாசிப்பில் பெடலை மிதிக்கும் பொறுப்பு வழக்கமாகச் செகண்டோவினுடையது. மெய்யான பியானோவில் பெடலை மிதித்தால் எல்லாத் தந்திகளின்மேலும் உள்ள தடுப்புகள் ஒருங்கே எழும். பிரிமோவின் ஸ்வரங்களும் அதே மிதியில் நீளும். ஆனால் டிஜிட்டல் பியானோவில் ஒவ்வோர் அடுக்கும் தனித்தனிச் சானலில் பதியும்போது, செகண்டோவின் பெடல் செகண்டோவின் ஸ்வரங்களை மட்டுமே தாங்கும். பிரிமோ நனையாமல் நிற்கும். எனவே பிரிமோவை வாசிக்கும்போது, முன்பு என் கால் எங்கே மிதித்தது, எங்கே எடுத்தது என்பதைக் காதால் தேர்ந்து, அதே இடங்களில் மீண்டும் மிதிக்கவேண்டும். இரண்டையும் ஒரே சானலில் இட்டால் தொல்லை தீருமா? தீராது. அப்போது ஒரே கட்டையை இரு அடுக்குகளும் தொட நேர்ந்தால், ஓர் அடுக்கு கையை எடுத்தவுடன் மற்றதன் ஒலியும் அறுந்துபோகும்.

முடிவுப் பகுதியில் ஒரு ஃபியூக் வருகிறது. ஒரே கருப்பொருள் குரலுக்குக் குரல் மாறி மாறி எழும். கருப்பொருள் எக்குரலில் இருக்கிறதோ அக்குரல் ஓங்கவேண்டும், மற்றவை ஒதுங்கவேண்டும். செகண்டோவைப் பதியும்போது, இன்னும் ஒலிக்காத பிரிமோவிற்காக ஒதுங்கி வழிவிட வேண்டும். இல்லாத ஒருவருக்கு வழிவிடும் இந்தப் பழக்கம் இருக்கிறதே, இதை எந்த ஆசிரியரும் எனக்கு இதைவிட நன்றாகக் கற்பித்திருக்க முடியாது. தனியாக வாசிக்கும்போது நம் குறையை நாம் கேட்பதில்லை. விரல்களைக் கவனிப்பதிலேயே காது ஓய்ந்துவிடுகிறது. அடுக்கும்போதோ, முந்தைய அடுக்கில் எங்கெங்கே காரணமின்றி அவசரப்பட்டோம் என்பது அடுத்த அடுக்கின் கைக்குத் தெரிந்துவிடும். அங்கெல்லாம் கை தடுக்கும்.

இத்துணை உழைப்பையும் 'ஏமாற்று' என்ற ஒரு சொல்லில் அடைத்துவிட முடியுமா?

ஏமாற்று இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது இருக்கும் இடம் வேறு. டிஜிட்டல் பியானோ பதிவது ஒலியையன்று; செய்தியை. 1983-இல் வகுக்கப்பட்ட 'மிடி' என்னும் முறைப்படி, எந்தக் கட்டை, எவ்வளவு விசையுடன், எந்தக் கணத்தில் அழுத்தப்பட்டது என்பதே எண்களாகச் செல்கிறது. கட்டையின் அடியிலுள்ள உணர்விகள் விரலின் வேகத்தை அளக்க, அது 1 முதல் 127 வரையுள்ள ஓர் எண்ணாகிறது. ஐந்து நிமிட ஒலியைத் தட்டின் தரத்தில் சேமிக்க ஏறத்தாழ 53 மெகாபைட் வேண்டும். அதே ஐந்து நிமிட வாசிப்பைச் செய்தியாகச் சேமிக்கச் சில பத்துக் கிலோபைட் போதும். சிக்கனம் மிக நன்று. ஆனால் எண்களாக இருப்பதை எளிதில் திருத்தலாம். கம்ப்யூட்டரில் 'குவாண்டைஸ்' என்றொரு கட்டளை இருக்கிறது. நிமிடத்திற்கு 120 தட்டு வேகத்தில் கால் தட்டு என்பது 125 மில்லி செகண்டு. அக்கட்டளையை இட்டால், 20 மில்லி செகண்டு பிந்திய ஸ்வரமும் முந்திய ஸ்வரமும் 125-இன் கட்டங்களில் போய்ச் சிப்பாய்கள்போல் வரிசையில் நின்றுவிடும். தவறு ஒழிந்தது, அதோடு வாசித்தவனும் ஒழிந்தான்.

இம்மிகளுக்கு இவ்வளவு ஆரவாரமா என்று கலைப் புல நண்பர்கள் நகைக்கக்கூடும். மேடையில் வீணைக்கும் மிருதங்கத்திற்கும் இடையே இரண்டு மீட்டர் தொலைவு இருந்தால், ஒருவரின் ஒலி மற்றவரை அடைய ஏறத்தாழ 6 மில்லி செகண்டு ஆகும். மிடிக் கம்பியிலேயே நான்கு கட்டைகளை ஒருங்கே அழுத்தினால், செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதால் நான்காவது சுமார் 3 மில்லி செகண்டு பிந்தும். இவற்றை எவரும் குறையாகக் கேட்பதில்லை. ஆனால் ஒரு ராகத்தின் ஸ்வரத்தை வேண்டுமென்றே 30, 40 மில்லி செகண்டு தாழ்த்தித் தொடும்போது கேட்பவர் நெஞ்சு அசைகிறதே, அந்தத் தாமதத்தையும் 'குவாண்டைஸ்' பிழையென்றே எண்ணித் திருத்திவிடுகிறது. அதற்கு இரண்டும் ஒன்றுதான். தடைசெய்ய வேண்டுமானால் இதைத் தடைசெய்யுங்கள், அடுக்கைத் தடைசெய்யாதீர்கள்.

கருவியின்மேல் பழிபோட்டுவிட்டுக் கைகழுவும் வழக்கம் இந்நாட்டில் புதிதன்று. 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. கமகத்திற்கு ஒவ்வாதது, நம் சுருதிக்கு ஒவ்வாதது என்பன காரணங்கள். காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. பியானோவிற்கும் அக்குறை உண்டு, ஸ்வரத்தை வளைக்க அதனால் இயலாது. எனினும் அத்தடை 1971-இல் தளரத் தொடங்கும் வரை முப்பது ஆண்டுக்கு மேல் நின்றது. அதற்குள் ஆர்மோனியம் ஒழிந்ததா? நாடக மேடையிலும் பஜனைக் கூடத்திலும் ஒலித்துக்கொண்டேதான் இருந்தது.

அடுக்குப் பதிவுக்கு ஒரு மெய்யான குறை உண்டு. விழாக் குழுவினர் அதைச் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கைக் கேட்கிறது. முதல் அடுக்கு இரண்டாம் அடுக்கைக் கேட்பதில்லை. அது முடிந்துபோன வாசிப்பு. நான் பிரிமோவில் ஓர் இடத்தில் புதிதாக உருகி நின்றால், செகண்டோ எனக்காக நிற்காது; தன் வழியே போய்விடும். உடன் அமர்ந்த மனிதர் நிற்பார். கச்சேரியில் பாடகர் எதிர்பாராமல் ஒரு கோர்வை போட, மிருதங்கக்காரர் முகம் மலர்ந்து அதை ஏந்திக்கொள்கிறாரே, அந்தக் கணத்தை எத்தனை அடுக்கினாலும் பெறமுடியாது. ஆகவே உடன் வாசிக்க ஆள் இல்லாத இடத்தில் அடுக்கு ஒரு வரம். ஆள் இருக்கும் இடத்தில் அது ஒரு வஞ்சனை.

இங்கேதான் நம் மன்றத்தின் முரண்பாட்டை எண்ணி வியக்கிறேன். சென்ற ஆண்டு விழாவில் நம் மாணவியர் ஆடிய நடனத்திற்கு ஒலிபெருக்கியிலிருந்து பதிவுதான் முழங்கியது. பாட்டும் பதிவு, மிருதங்கமும் பதிவு. ஊரில் பத்தாண்டு மிருதங்கம் பயின்ற வேதியியல் துறை நண்பர் ஒருவர் மூன்றாம் வரிசையில் அமர்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். "ஒத்திகைக்கு நேரம் இல்லை, பதிவென்றால் பிசகாது" என்று காரணம் கூறினர். பிசகாது, உண்மைதான். ஆடுபவரின் கால் ஓர் இமைப்பொழுது பிந்தினால் பொறுத்து நிற்கவும் செய்யாது. கூட வாசிக்க ஆளின்றி அறையில் அமர்ந்து தன் கையாலேயே நான்கு கைகளையும் வாசிப்பவனுக்குத் தடை. கூட வாசிக்க ஆள் இருந்தும் அவரைப் பார்வையாளராக்கிவிட்டு, முகமறியாத எவரோ அடுக்கியதை ஒலிபரப்புவதற்குத் தடையில்லை. விதியைத் தலைகீழாக அல்லவா எழுதியிருக்கிறோம்?

ஊரைவிட்டு வந்து படிக்கும் நம்முள் பலர் வீணையையோ வயலினையோ வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள். சிலர் இரவில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு விடுதிப் பியானோவில் தனியே எதையாவது தேடுகிறார்கள். விழா என்பது அவர்களை வெளியே அழைக்கும் அழைப்பாக இருக்கவேண்டும். ஏழாவது விதியோ கதவைச் சாத்துகிறது.

ஆகையால் அவ்விதியை நீக்கி, அதற்கு ஈடாக வேறொன்றை வைக்கவேண்டும் என்பது என் கருத்து. அடுக்குப் பதிவுகளுக்குத் தனிப் பிரிவு ஒன்று இருக்கட்டும்; மேடையில் நேரில் வாசிப்பவரோடு அவை போட்டியிட வேண்டா. எத்தனை அடுக்கு, எது முதலில் பதியப்பட்டது என்பதைப் பதிவின் தலைப்பிலேயே அறிவிக்கட்டும். ஒலியை மட்டுமன்றி மிடிக் கோப்பையும் நடுவர்களிடம் ஒப்படைக்கட்டும். அக்கோப்பைத் திறந்தால் ஸ்வரம் ஒவ்வொன்றின் நேரமும் விசையும் எண்ணாகத் தெரியும். எல்லா ஸ்வரங்களும் கட்டத்தில் வரிசையாக நின்றாலோ, எல்லா விசையும் ஒரே எண்ணாக இருந்தாலோ, வாசித்தது கையா கட்டளையா என்பது வெளிப்படை. அவ்வெண்களை வேண்டுமென்றே சிதறவிட்டு மனிதக்கை போல் காட்டும் தந்திரமும் இருக்கிறது என்பதை அறிவேன். அதற்கும் வழி உண்டு: நடுவர்கள் விரும்பும் ஏதேனும் ஓர் அடுக்கைப் போட்டியாளர் அவர்கள் முன்னிலையில் நேரில் வாசித்துக் காட்டவேண்டும். ஐந்து நிமிட வேலை. மேலும் ஒன்று: நடனத்திற்கோ பாட்டிற்கோ பக்கம் வாசிக்க நம் மாணவருள் ஒருவர் இருக்கும்போது, அவரைக் கேட்டுப் பாராமல் பதிவை ஒலிக்கவிடக் கூடாது.

இதை அடுத்த பொதுக்குழுவில் முன்மொழிய இருக்கிறேன். மிருதங்க நண்பரிடம் பேசினேன். தாம் இதில் சம்பந்தப்பட்டவராதலால் வழிமொழிவது முறையன்று என்று கூறிவிட்டார். அவர் சொல்வதும் சரிதான். ஆகவே வழிமொழிய வேறொருவர் வேண்டும். விருப்பமுள்ளோர் பொதுக்குழுவுக்கு முன் எந்த மாலையிலும் ஏழு மணிக்குமேல் விடுதிப் பொது அறைக்கு வரலாம். பியானோ அங்கேதான் இருக்கிறது. பிரிமோ வாசிக்கத் தெரிந்தவராயின் இன்னும் நல்லது. செகண்டோவை நான் மீண்டும் நேரிலேயே வாசிக்கிறேன்.